எனக்கு வந்தது மறதி நோய் இல்லை

செடார் க்ரீக், கென்டக்கி
அக்டோபர் 14, 2022, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கொரினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் நலம், உன் அப்பா நலம், உன் அண்ணன் க்ளே நலம், கிழட்டு நாய்கூட நலம். அங்கே அலாஸ்காவில் உன் சுகத்தையும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். நலம் என்று எல்லாரும் முதல் வரியில் எழுதுகிற வார்த்தைதானே என்று தாண்டிப் போய்விடாதே, கண்ணு. நான் அதை நிஜமாகவே எழுதியிருக்கிறேன். எனக்கு வந்தது மறதி நோய் இல்லை. கிறிஸ்துமஸோடு வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தாயே, அந்த ராஜினாமாவை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே, கொடுத்துவிட்டாய் என்றால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கு. ஏன் எதற்கு என்பதை எல்லாம் இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். காற்றடித்தால் உங்கள் தீவுக்கு போன் கிடைப்பதில்லை, சொல்லவேண்டியதோ நீளம், அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து முழுக்க என்னுடையது. திருத்திக் கொடுக்கட்டுமா என்று உன் அப்பா பின்னால் வந்து நின்றார், போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள் என்று விரட்டிவிட்டேன்.

முதலிலிருந்து வருகிறேன். போன வருஷம் செப்டம்பரில் என் விரல் மூட்டெல்லாம் வீங்கி, பியானோவில் கை வைத்தால் உயிர் போனது. முப்பத்தொரு வருஷமாக நம் சபையில் ஞாயிறு தவறாமல் வாசிக்கிறவள் நான். நம் பாஸ்டரின் மனைவி ரெனே வேறு வந்த நாளிலிருந்து, பியானோவோடு கிட்டாரும் இருந்தால் இளம்பிள்ளைகள் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளா, எனக்கு ஒரே வைராக்கியம். கை வலிக்கிறது என்று வாய் திறந்தால் அடுத்த ஞாயிறே கிட்டார் வந்து உட்கார்ந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். அப்போதுதான் நெடுஞ்சாலை முக்கில் இருக்கிற பெட்ரோல் பங்கில், காசு கொடுக்கிற இடத்தில் சூயிங்கம்முக்குப் பக்கத்திலேயே, அந்த ஜெல்லி மிட்டாய் டப்பாவைப் பார்த்தேன். மேலே பச்சை இலைப் படம், கீழே ஹெம்ப் என்று பெரிதாக, வலிக்கும் உறக்கத்துக்கும் என்று சின்னதாக. இது என்னம்மா என்று அங்கே நிற்கிற பெண்ணைக் கேட்டேன். அவள் சிரித்தபடியே, "உங்க வயல்ல வெளையறதுதான் ஆன்ட்டி. சட்டப்படி விக்கிறோம், பயப்படாம வாங்குங்க. எங்க சித்திகூட முட்டி வலிக்கு இதான் சாப்பிடுறாங்க" என்றாள்.

நம் வயலில் விளைவது என்றாள் பார், அங்கேதான் நான் விழுந்தேன். உன் அப்பா புகையிலையை விட்டுவிட்டு ஹெம்ப் போட்டது நீ அங்கே போன பிறகுதான். கஞ்சாவுக்குத் தங்கை முறை, ஆனால் போதை ஏற்றாத சாதுச் செடி என்று அரசாங்கமே சம்மதித்த பயிர். மூன்று அறுவடைக்கு நானும் கூடவே நின்று, பழைய புகையிலைக் கொட்டகையில் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருக்கிறேன். முழங்கை வரைக்கும் பிசின் ஒட்டும், சோப்புப் போட்டாலும் போகாது. ஒரு நாளாவது தலை சுற்றியதா என்றால் இல்லை. வேறு ஊர்க்காரி யாராவது அந்த இலைப் படத்தைப் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பாள். நான் யோசிக்கவே இல்லை. பீர் பாட்டில் இருக்கிற மேஜையில் உட்காரமாட்டேன் என்று என் தம்பி கல்யாண விருந்திலிருந்து எழுந்து வந்தவள் நான், உனக்குத் தெரியும். இருமல் மருந்தில் சாராயம் இருக்கிறதா என்று லேபிளைப் படிக்கிறவள். அந்த நான், நம் தோட்டத்துச் சோளக்கதிரைத் தின்கிற மாதிரி சாயங்காலம் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று தின்றேன். விரல் வலி குறைந்ததும் நிஜம். நன்றாகத் தூங்கினேன். குளிர்காலத்தில் இரண்டு மூன்றாயிற்று. இதில் எனக்கு ஒரு துளிகூட மனசு உறுத்தவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மற்றது உனக்குத் தெரிந்த கதை. சாவியைக் குளிர்பெட்டியில் வைத்தேன், அடுப்பை அணைக்காமல் சபைக்குப் போனேன், நாற்பது வருஷமாக ஓட்டுகிற சாலையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ஓரமாக வண்டியை நிறுத்தி அழுதேன். ஈஸ்டர் அன்றைக்கு ஒரே சரணத்தை ஐந்து தடவை வாசித்தேனாம், சபை முழுக்க ஐந்து தடவையும் பாடி முடித்ததாம். அந்த நல்ல மனுஷர்கள் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் க்ளே என்னை டாக்டர் ப்ரூயிட்டிடம் கூட்டிப் போனான். ஐந்து வார்த்தை சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார், பேரிக்காய் ஒன்றுதான் நின்றது. கடிகாரம் வரையச் சொன்னார், எண்களை எல்லாம் ஒரே பக்கத்தில் குவித்து வைத்தேன். முப்பதுக்குப் பதினாறு. குடிக்கிறீர்களா, போதைப் பொருள் ஏதாவது உண்டா என்று அவர் கேட்கவும் எனக்கு வந்ததே கோபம்! "டாக்டர், நான் யாருன்னு தெரியுமில்ல உங்களுக்கு? சர்ச்சுல பியானோ வாசிக்கிறவகிட்ட கேக்குற கேள்வியா இது?" என்று எழுந்தே நின்றுவிட்டேன். அவர் பாவம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் பொய் சொல்லவில்லை, கொரின். மறைக்கவும் இல்லை. அந்த டப்பா அப்போதும் என் கைப்பைக்குள்ளேதான் இருந்தது, மடியில். அது கேள்விக்குப் பதில் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்ததை நீ தூரத்திலிருந்து கேட்டாய், நான் உள்ளேயிருந்து பார்த்தேன். உன் அப்பா என் சட்டைப் பித்தான்களை மாட்டிவிட ஆரம்பித்தார். மாட்டி முடித்ததும் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவார். க்ளே முதியோர் இல்லத்துப் படப் புத்தகங்களைக் கொண்டுவந்து வண்டியிலேயே வைத்திருந்தான், உள்ளே எடுத்துவர அவனுக்குத் தைரியம் வரவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். எல்லாம் புரிந்தது, கண்ணு, அதுதான் கொடுமை. காலையில் பத்து மணி வாக்கில் கொஞ்சம் தெளியும், அப்போது உட்கார்ந்து நான் இன்னும் எத்தனை நாளைக்கு உங்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன் என்று நினைத்து நினைத்துப் பயப்படுவேன். சாயங்காலம் பயம் தாங்காமல் ஒரு மிட்டாய் கூடுதலாகப் போட்டுக்கொள்வேன்.

இனி எழுதப் போவதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை, மூன்று நாளாக இந்த இடத்தில் நிறுத்தி நிறுத்தி வைத்துவிட்டேன். ஆகஸ்ட் இருபத்தொன்று ஞாயிற்றுக்கிழமை. பிரசங்கம் நீண்டால் சபையில் இருக்கிற வயதான பெண்களெல்லாம் கைப்பையிலிருந்து பெப்பர்மின்ட் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்போமே, நீயும் அப்படி வாங்கித் தின்றுதானே வளர்ந்தாய். ரெனேயின் மகள் தபிதா, நாலரை வயசு, பியானோ பக்கத்து பெஞ்சில்தான் எப்போதும் உட்காருவாள். என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் பைக்குள் கையைவிட்டு எடுத்துக் கொடுத்தேன். எதைக் கொடுத்தேன் என்று பார்க்கவில்லை. இரண்டு கொடுத்தேனாம். மத்தியானம் அந்தப் பிள்ளை சாப்பாட்டு மேஜையிலேயே சாய்ந்து, எழுப்பினால் எழவில்லை, கண்ணைத் திறந்தால் கண் சொருகுகிறது, கை காலெல்லாம் துவண்டுவிட்டதாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அங்கே சோதித்துப் பார்த்துவிட்டு, குழந்தை உடம்பில் கஞ்சாச் சரக்கு இருக்கிறது, வீட்டில் யார் வைத்திருக்கிறார்கள் என்று பாஸ்டரையே போலீஸ்காரர்கள் மாதிரி விசாரித்திருக்கிறார்கள். பாவம் அந்த மனுஷன். மறுநாள் பத்து மணிக்குத் தபிதா கண் விழித்து பேன்கேக் வேண்டும் என்று கேட்டாளாம், நீ பயப்படாதே, பிள்ளை இப்போது ஓடி விளையாடுகிறாள், ஒரு குறையும் இல்லை. மிட்டாய் யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, "பியானோ ஆன்ட்டி குடுத்தாங்க. இந்த தடவ புளிப்பா இருந்துச்சு" என்றாளாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் ரெனே தனியாக வந்தாள். அவளுடைய வண்டிச் சத்தம் கேட்டதும் என்னைக் கிழித்துத் தொங்கவிடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன், அப்படிச் செய்தாலும் நியாயம்தான். வந்தவள் நிற்கக்கூட இல்லை, நேரே சமையலறைக்கு வந்து, "சிஸ்டர், உங்க பையைக் கொஞ்சம் பாக்கட்டுமா?" என்றாள். டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இதை நீங்க சாப்பிடுறீங்களா?" என்றாள். ஆமாம், ஹெம்ப்தானே, விரலுக்கு என்றேன். "எத்தனை?" என்றாள். மூன்று, சில நாள் நாலு என்றேன். "எவ்வளவு நாளா?" என்றாள். ஒரு வருஷம் ஆகப் போகிறது என்றேன். அப்போது அந்தப் பெண் செய்ததை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "நேத்து அங்க டாக்டர் சொல்லிட்டே வந்தாங்க சிஸ்டர், தூக்கம் வரும், தள்ளாடும், குழம்பும், நேரம் தெரியாது, நடந்தது மறந்துபோகும்னு. எம் புள்ளையப் பாத்துட்டே கேட்டுட்டு இருந்தேன், ஆனா மனசுல உங்க மொகந்தான் வந்துச்சு. உங்களுக்கு மறதி இல்ல சிஸ்டர், நீங்க ஒரு வருஷமா போதையில இருக்கீங்க" என்றாள். பாஸ்டரம்மா என் சமையலறையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது! உன் அப்பா வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கடைசியில் நான் கேட்டது, தபிதாவை நான் பார்க்கலாமா என்பதுதான். "நாளைக்கு வாங்க. ஆனா அந்தப் பையை வீட்டுல வெச்சுட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் அவளே என்னை டாக்டர் ப்ரூயிட்டிடம் கூட்டிப் போனாள், டப்பாவும் கையுமாக. அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு லேபிளை நெடுநேரம் பார்த்தார். செடியில் இருக்கிற சாதுச் சத்தை எடுத்து, ஆலையில் அமிலம் ஊற்றி, போதை ஏற்றுகிற வேறு ஒன்றாக மாற்றிவிடுகிறார்களாம், டெல்டா எட்டு என்று பெயராம், அது ஹெம்ப் செடியிலிருந்து வந்தது என்பதால் கேட்க ஆளில்லாமல் மிட்டாய்க் கடையில் விற்கிறதாம். பத்து மில்லிகிராம் என்று டப்பாவில் போட்டிருக்கிறது, உள்ளே ஐந்தும் இருக்கலாம் ஐம்பதும் இருக்கலாம், மாற்றும்போது என்னென்ன கசடு மிஞ்சியதோ அதுவும் தெரியாது என்றார். நரம்பு வலிக்கு அவர் கொடுத்த மாத்திரையையும் நான் இதோடு சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தேன், இரண்டும் சேர்ந்து தூக்கத்தை இரட்டிப்பாக்கியிருக்கும் என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஈரலும் கொஞ்சம் சோர்ந்திருந்தது. பிறகு சொன்னார், "நான் கேட்டதுதான் தப்பும்மா. போதைப் பொருள் உண்டான்னு கேட்டேன். வாயில என்னென்ன போடுறீங்கன்னு கேட்டிருக்கணும்" என்று. எழுபது வயசு டாக்டர் என்னிடம் அப்படிச் சொன்னதும் எனக்கு மனசு கேட்கவில்லை. உங்கள்மேல் தப்பில்லை, நான்தான் எழுந்து நின்று கத்தினேன் என்றேன்.

நிறுத்தினேன். நிறுத்துவது சும்மா இல்லை, கொரின், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பத்து நாள் வேர்த்துக் கொட்டியது, சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவே இல்லை, உன் அப்பா மூச்சுவிட்டால்கூட எரிச்சலாக வந்தது. பீன்ஸ் சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன் ஒரு நாள், நாய் மூன்று நாள் பக்கத்தில் வரவில்லை. பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது, நம் பழைய அஞ்சல்காரர் பெயர் தானாக வந்தது. நான் தேடவே இல்லை. லைமன்! என்று கத்தினேன். உன் அப்பா எங்கே விழுந்துவிட்டேனோ என்று ஓடிவந்தார். லைமன், லைமன் என்று நான் சொல்ல, யாரடி அவன் என்று அவர் முழிக்க, நான் சோப்புக் கையோடு அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இதையெல்லாம் சபையில் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாஸ்டரும் ரெனேயும் வெளியே மூச்சுவிடவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் இந்த டப்பாவை நான் என் சிநேகிதி வெர்லீனுக்கும் சொல்லி வாங்கவைத்திருந்தேன், இன்னும் இரண்டு பேருக்கும். வெர்லீன் இதயத்துக்கு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவள். கோடை முழுக்க அவள் கையெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஆளாளுக்கு விண்ணப்பம் சொல்லும்போது, வெளியே சொல்ல முடியாத விஷயம் என்றால் கையை மட்டும் தூக்கி, சொல்லாத விண்ணப்பம் என்று சொல்லிவிடுவோமே. வசந்தகாலத்திலிருந்து உன் அப்பா வாரா வாரம் அப்படிக் கை தூக்கியிருக்கிறார், அது நான்தான் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் என் பக்கம் திரும்பமாட்டார்கள். செப்டம்பர் ஏழாம் தேதி அவர் கை தூக்கப் போனபோது நான் அதைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு எழுந்து நின்றேன். "இனிமே இது சொல்லாத விண்ணப்பம் இல்ல. நான் சொல்லிடுறேன்" என்று ஆரம்பித்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். தபிதாவுக்குக் கொடுத்ததையும் சொன்னேன், ரெனே என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் குடிகாரி என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், ஆனால் வீட்டில் இந்த டப்பா வைத்திருக்கிறவர்கள் டாக்டரிடம் காட்டாமல் இன்னொன்றைத் தின்னாதீர்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் பின்வரிசையிலிருந்து மூப்பர் ஹோபர்ட், எழுபத்தெட்டு வயசு, மதுவுக்கு எதிராக ஊர்வலம் போனவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. டிராக்டர் டூல் பெட்டியில" என்றார். அவர் மனைவி, "டூல் பெட்டியிலயா! அதான் தினம் சாயங்காலம் டிராக்டர் ரிப்பேரா?" என்றாள். சபையே சிரித்துவிட்டது. பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள், முதுகுக்கு, தூக்கத்துக்கு, படபடப்புக்கு என்று. ஒன்பது வீடு, கொரின். நம் சின்னச் சபையில் ஒன்பது வீடு! எல்லாருமே ஹெம்ப்தானே என்றுதான் சொன்னார்கள். ராண்டல் மட்டும், போருக்குப் போய் வந்தவன், "எனக்கு இதுலதான் தூக்கம் வருது, நான் விடமாட்டேன், யாரும் கோவிச்சுக்காதீங்க" என்றான். நான் யார் கோபித்துக்கொள்ள? உனக்குச் சரிப்படலாம் தம்பி, ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சாப்பிடு, டாக்டரிடம் சொல்லு என்றேன். சரி என்றான், போனானா தெரியவில்லை. வெர்லீன் மறுநாள் காலையிலேயே போனாள். மிட்டாய் அவள் மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிட்டு, ரத்தம் தண்ணீராக ஓடுகிற நிலையில் இருந்ததாம், தலையில் ஒரு இடி பட்டிருந்தால் போதுமாம். அங்கேயே ஊசி போட்டு அனுப்பினார்கள். வந்து என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி லவோன், நீதான் வாங்கச் சொன்ன, நீதான் நிறுத்தச் சொன்ன. உன் பேச்சை இனிமே கேக்குறதா வேண்டாமா?" என்று கேட்டாளே பார்க்கலாம். இரண்டாவதாகச் சொன்னதைக் கேள் என்றேன்.

உன் அப்பாதான் கொஞ்ச நாள் ஒடிந்துபோய்விட்டார். "நான் வெளைச்சதுதானே லவோன். எவன் வாங்கிட்டுப் போய் என்ன காச்சினான்னு நான் ஒரு நாளும் கேக்கலியே" என்று கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். செடி மேல் பழி போடாதீர்கள், உங்கள் மேலும் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். வாங்குகிற ஆள் அடுத்த வருஷத்துக்குக் கேட்டு வந்தபோது, இது எங்கே போகிறது, என்னவாகிறது என்று காகிதத்தில் எழுதிக் கொடு என்றாராம். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டானாம். வருகிற வசந்தத்தில் அந்த நிலத்தில் மாட்டுத் தீவனப் புல்தான். அவருக்கு அதில் வருத்தம் இல்லை, இப்போது பித்தான் மாட்டிவிடுகிற வேலையும் இல்லாமல் சும்மா என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

போன செவ்வாய்க்கிழமைதான் மறுபடி சோதனை. அந்த ஒரு நாளுக்காகத்தான் உனக்குக்கூட எழுதாமல் ஏழு வாரம் காத்திருந்தேன். க்ளே கூட வந்தான். இதிலும் தவறிவிட்டால் மிட்டாய் வேறு நோய் வேறு என்றாகிவிடும், நீ வேலையை விடத்தான் வேண்டியிருக்கும், நான் அந்தப் படப் புத்தகத்து வீட்டுக்குப் போகத்தான் வேண்டியிருக்கும், அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். டாக்டர் ஒன்பதே முக்கால் மணி காட்டுகிற கடிகாரம் வரையச் சொன்னார். எண்களைச் சுற்றிலும் வைத்து, முள்ளுக்கு அம்பு நுனிகூடப் போட்டேன். வாளி, கம்பளி, ஆறு, பேரிக்காய், மணி. பத்து நிமிஷம் கழித்துக் கேட்டார், ஐந்தையும் சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதில் ஒரு இடத்தில் தடுக்கினேன், அது பள்ளிக்கூடத்திலேயே எனக்கு வராது. முப்பதுக்கு இருபத்தேழு. டாக்டர் ப்ரூயிட் உறுதிப் பத்திரம் எழுதித் தரவில்லை, நான் மறைக்கமாட்டேன். வயசுக்கு உண்டான மறதி கொஞ்சம் இருக்கலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும், ஈரலும் இன்னும் முழுக்கச் சரியாகவில்லை, ஒரு வருஷம் தின்றது என்ன செய்திருக்கிறது என்று இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆனால் நல்ல பக்கமாகத்தான் போகிறீர்கள் என்றார். வெளியே வந்ததும் க்ளே வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, "அம்மா, நான் உன்ன அனுப்பிடப் பாத்தேம்மா" என்றான். நாற்பத்திரண்டு வயசு ஆண்பிள்ளை. உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தானடா செய்திருப்பேன், வண்டியை எடு, பசிக்கிறது என்றேன். வழியில் மீன் வறுவல் வாங்கித் தின்றோம். அந்தப் படப் புத்தகங்களை அவனே குப்பையில் போட்டான்.

விரல் வலி திரும்ப வந்துவிட்டது, அது நோய் அல்லவா, எங்கே போகும். வெந்நீரில் கை வைத்து, டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டு, ஞாயிறு மூன்று பாட்டு வாசிக்கிறேன். மற்ற இரண்டு பாட்டுக்குக் கிட்டார். ஆமாம், நான்தான் ரெனேயிடம் கூட்டிவரச் சொன்னேன். பையன்கள் தாளம் தப்புகிறார்கள், அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். தபிதா இன்னும் என் பக்கத்து பெஞ்சில்தான் உட்காருகிறாள். அவள் உட்கார ரெனே சம்மதிக்கிறாள் பார், அதற்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை. க்ளேயின் பழைய வண்டி விற்றாயிற்று. கோழிகள் முட்டை குறைத்துவிட்டன. உனக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி வைத்திருக்கிறேன், விரல் வலியில் குதிகால் கொஞ்சம் கோணல், பொறுத்துக்கொள். மறக்காமல் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. அங்கே உன் டாக்டரிடம் போகும்போது மாத்திரை, தைலம், டீத்தூள், மிட்டாய், எது வாயில் போகிறதோ அத்தனையும் எழுதிக் கொண்டுபோய்க் காட்டு. வெட்கப்படாதே. உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மா அப்பாவிடமும் சொல்லு, அங்கேயும் இந்த டப்பாக்கள் கப்பலில் வந்து இறங்காமலா இருக்கும்.

இன்னொன்று கேட்கவேண்டும், கோபித்துக்கொள்ளாதே. ஏப்ரலிலிருந்து நீ என்னோடு ஒரு தடவைகூடச் சண்டை போடவில்லை. நான் என்ன உளறினாலும் "சரிம்மா, சரிம்மா" என்று மெதுவாக, வார்த்தை வார்த்தையாகப் பேசினாய். பக்கத்துத் தெருவில் இருக்கிறாயா என்று கேட்டேனாம், "ஆமாம்மா, பக்கத்துலதான்" என்றாயாம். நாலாயிரம் மைல் தூரத்திலிருந்துகொண்டு எப்படித்தான் சொன்னாயோ, என் கண்ணே. அந்தக் குரல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மற்றது பாதி போய்விட்டது, அது மட்டும் நிற்கிறது. இனி அந்தக் குரலில் என்னோடு பேசாதே, எனக்குத் தாங்காது. அடுத்த ஞாயிறு நீ போன் போடும்போது, முப்பத்தெட்டு வயசாகிறது, இன்னும் எத்தனை நாளைக்குத் தனியாக அந்தப் பனிக்கட்டியில் கிடப்பாய் என்று நான் கேட்கத்தான் போகிறேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். என்னை எதிர்த்துப் பேசு, உங்களுக்கு ஒன்றுமே புரியாது அம்மா என்று கத்து, போனைப் பட்டென்று வை. பக்கத்து அறையில் உன் அப்பா காத்துக்கொண்டிருப்பார். போனை வைத்துவிட்டாள், நம் பெண் என்னைத் திட்டிவிட்டு வைத்துவிட்டாள் என்று நான் ஓடிப்போய் அவரிடம் சொல்வேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உன் பள்ளிக்கூடத்தையும் உன்னையும் ஆசீர்வதிப்பாராக. கிறிஸ்துமஸுக்கு வா, விருந்தாளியாக வா, பத்தாம் நாள் மூட்டை கட்டிக்கொண்டு உன் வேலைக்குப் போய்ச் சேர்.

முழு நினைவோடு,
உன் அம்மா
லவோன்